லூனாஸ் வேலையும் மூன்று அறை வீடும்

காப்பார் சாலை, கிள்ளான்
14 ஜூன், சனிக்கிழமை

என் அம்மாவின் அண்ணனும், ஞானஸ்நானத்தன்று என்னைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பனுமாகிய மதிப்பிற்குரிய ஸ்டானிஸ்லாஸ் மாமாவுக்கு,

மருமகன் கால்வின் வணக்கத்துடன் எழுதுவது. கிள்ளானில் அம்மா, தங்கை கேரன், நான் மூவரும் ஆண்டவர் தயவில் நலம். பிரிக்ஃபீல்ட்ஸில் நீங்களும் அத்தையும் நலமா, உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரிப்பது மருமகனின் கடமை. விசாரித்துவிட்டேன். முழங்காலுக்கு இந்தக் கடிதத்தில் தனியாக ஓர் இடம் இருப்பதால் இங்கே நீட்டவில்லை.

வாட்ஸ்அப்பில் கேட்க வேண்டியதை இவன் ஏன் தாளில் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். போன மாதம் உங்களுக்கு மட்டும் என்று சொல்லி அனுப்பிய என் கடைவாய்ப் பல் எக்ஸ்ரேயைக் குடும்பக் குரூப்பில் போட்டீர்கள். ஏழு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள், ஒருவர் ஆழ்ந்த அனுதாபம் என்று எழுதினார். ஆகவே தாள்.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரத்துக்கு முன், கோயில் பாடகர் குழுவில் உங்களோடு பாடும் நண்பர் மூலமாக எனக்கு ஒரு வேலை இருப்பதாகச் சொன்னீர்கள். வடக்கே கெடாவில் லூனாஸ் என்ற சின்ன ஊர். அங்கே ரொட்டி சானாயைச் சுட்டு, உறைய வைத்து, பொட்டலம் போட்டு அனுப்பும் தொழிற்சாலை. அதன் மொத்த மின்சாரத்துக்கும் பொறுப்பாக லைசென்ஸ் உள்ள ஒரு சார்ஜ்மேன் வேண்டும். நான் இப்போது ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு பேரங்காடியில் இருக்கும் ஐந்து சார்ஜ்மேன்களில் ஐந்தாவது ஆள். மெயின் சுவிட்ச் ரூம் சாவிகூட என் கையில் கிடையாது, கேட்டு வாங்கி, கையெழுத்துப் போட்டு, திருப்பிக் கொடுக்க வேண்டும். லூனாஸில் எல்லாச் சாவியும் என் இடுப்பில் தொங்கும் என்கிறார்கள். ஆசை இல்லை என்று சொன்னால் பொய். திங்கள் மாலை ஐந்து மணிக்குள் கம்பெனிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் என் தொழிலில் முதல் பாடம், ஒரு பிரேக்கர் விழுந்தால் ஏன் விழுந்தது என்று தெரியாமல் அதைத் திரும்பத் தூக்கிவிடக் கூடாது என்பது. இந்த வேலை விஷயத்தில் எந்தப் பக்கமும் எதுவும் விழவே இல்லை மாமா. கேட்டதெல்லாம் சரி, பார்த்தவரெல்லாம் சம்மதம். இருபத்தெட்டு வருஷமாக நம் குடும்பத்தில் இருக்கிறேன், இப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. அங்கேதான் எனக்குச் சந்தேகம் பிடித்தது.

முதலில் நேர்காணல். வீடியோவில் வந்தவர் ஷாமினி என்ற எச்.ஆர். அதிகாரி. என் லைசென்ஸைக் கேமரா முன் தூக்கிப் பிடித்தேன், அவர் கிட்டப் போய்ப் பார்க்கவே இல்லை. கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். "பரவாயில்ல, கம்பெனி மூணு ரூம் வீடு கொடுக்கும்" என்றார். ஒற்றை ஆளுக்கு எதற்கு மூன்று அறை என்று கேட்க நான் வாயைத் திறப்பதற்குள், சோபாவுக்குப் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, "பாத்ரூம் எத்தனம்மா?" என்றார். "ரெண்டு ஆன்டி." "தண்ணி பிரஷர் நல்லா வருமா? காலையில எல்லாரும் ஒரே நேரத்துல குளிச்சா?" ஷாமினி ஒரு நிமிடம் திரையை உற்றுப் பார்த்தார். நான் குறுக்கிட்டு, டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை கேவிஏ என்று கேட்டேன். அதற்கு அவர் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார், தண்ணீர் டேங்க் எத்தனை கேலன் என்று அம்மாவுக்கு உடனே சொன்னார். பன்னிரண்டு நிமிட நேர்காணலில் எட்டு நிமிடம் அம்மாவுடையது. கடைசியில் "ஓகே லா, செலக்டட்" என்றார், யாரைப் பார்த்துச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெளிவில்லை.

அடுத்து, வீட்டில் யாருக்கும் துக்கம் இல்லை. கேரன் இரண்டு வாரப் பயிற்சிக்குச் சிரம்பான் போனபோது அம்மா கிள்ளான் ஸ்டேஷனில் ரயில் வருவதற்கு முன்னால் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை அழுதார். நான் நிரந்தரமாக வடக்கே போகப் போகிறேன் என்று சொன்னால், "அப்படியா, இந்தக் கறிக்கு உப்பு போதுமான்னு பாரு" என்கிறார். சுங்கை பூலோவிலிருந்து பிலோமினா பெரியம்மா வாழ்த்த வந்தார். கையில் பரிசு, ஆறு தலையணை. "எனக்கு ஒரு தலைதான் பெரியம்மா" என்றேன். "இருக்கட்டும்பா, ஆள் வரப் போக இருப்பாங்க" என்றார். யார் வரப் போகிறார்கள் என்று கேட்டதற்கு ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்து மழை வரும் போலிருக்கிறது என்றார். மழை வரவில்லை.

சரி, நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம், இயந்திரம் பொய் சொல்லாது என்று போன சனிக்கிழமை நான் மட்டும் என் காரில் லூனாஸ் போவதாக முடிவு செய்து அம்மாவிடம் மட்டும் சொன்னேன், அதுவும் வெள்ளிக்கிழமை மாலைதான் சொன்னேன், சனி காலை ஆறு மணிக்கு வாசலில் ஒரு வாடகை வேன் நிற்கிறது, உள்ளே பெரியம்மா, பெரியப்பா, அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று ஒன்பது பேர், அம்மாவும் கேரனும் ஏறினால் பதினொன்று, ஓட்ட நான். முழங்கால் வலி என்று நீங்கள் மட்டும் வரவில்லை, ஆனால் தாப்பா ஆர் அண்ட் ஆர் ஓய்விடத்தில் நாங்கள் நாசி லெமாக் சாப்பிட்ட ஐம்பது நிமிடமும் அம்மாவின் போனில் முகம் காட்டிக்கொண்டிருந்தீர்கள், "எங்க வந்துட்டீங்க, எங்க வந்துட்டீங்க" என்று. தொழிற்சாலை வாசலில் எனக்காகக் காத்திருந்தவர் ஓய்வு பெறப் போகும் சார்ஜ்மேன் சபாபதி அண்ணன். வேனிலிருந்து ஒவ்வொருவராக இறங்குவதைக் கடைசி ஆள் வரை பார்த்துவிட்டு, "பாஸ், வேலைக்கு வந்தது யாரு? மத்தவங்க எல்லாம் யூனியனா?" என்றார்.

சபாபதி அண்ணன் என்னை மட்டும் உள்ளே கூட்டிப் போனார். சுவிட்ச் ரூமைக் காட்டினார். ஒவ்வொரு கேபிளிலும் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறார். தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். இருபது வருஷத்து லாக் புக்கில் ஒரு நாள் விடாமல் ஒரே கையெழுத்து. அரை மணி நேரம் தேடினேன், ஒரு குறை கிடைக்கவில்லை. என் சந்தேகம் இரட்டிப்பானது.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. இங்க என்ன பிரச்சினை?"

"ஒண்ணும் இல்ல தம்பி. ஏழு மணிக்கு மேல ஊரு அடங்கிடும். போரடிக்கும்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"பின்ன நீங்க ஏன் போறீங்க?"

"அறுவது வயசாச்சு தம்பி."

ஐ.சி. அடையாள அட்டையைக் காட்டச் சொன்னேன். கோபப்படாமல் எடுத்துக் காட்டினார். அறுபதுதான்.

இதெல்லாம் முடிந்து கம்பெனி வீட்டுக்குப் போனால், நம் ஆட்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்கள். தொழிற்சாலைப் பக்கம் ஒருவரும் தலையைத் திருப்பவில்லை. என் கருவிப் பையிலிருந்து டேப்பை எடுத்துப் பெரியப்பா ஹாலை அளந்துகொண்டிருக்கிறார். பெரியம்மா வெறும் தரையில் நீட்டிப் படுத்திருக்கிறார். "இப்படிப் படுத்தா எட்டுப் பேரு, குறுக்க படுத்தா பதினொண்ணு" என்ற அவர் குரல் என் காதில் தெளிவாக விழுந்தது. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "தரை சில்லுனு இருக்கான்னு பாக்கறேன்பா, உனக்கு ஆஸ்துமா" என்றார். எனக்கு ஆஸ்துமா கிடையாது. வாசலில் கேரன் போனில் மேப்பைப் பார்த்து, "ஜாம் இல்லன்னா இருபத்து நாலு நிமிஷம்மா" என்கிறாள். எங்கே போக என்றேன். "சும்மா, கடைக்கு." கடை எதிரில் இருக்கிறது மாமா. ரோட்டைத் தாண்டினால் கடை.

நேற்று முன்தினம் விடை கிடைத்தது. என் லைசென்ஸ் நகலைத் தேடி அம்மாவின் நவநாள் புத்தகத்தைப் புரட்டினேன், முக்கியமான காகிதமெல்லாம் அவர் அதில்தான் வைப்பார். நகலுக்குப் பதில் நான்காக மடித்த ஒரு தாள் விழுந்தது. தலைப்பில் "ஜூலை 26". கீழே அம்மாவின் கையெழுத்தில் ஒரு பட்டியல். அதை எழுதினவர்களே மறந்துபோகக் கூடாது என்பதற்காக இங்கே திருப்பி எழுதுகிறேன். முதல் அறை, கட்டில், பாத்ரூம் பக்கம்: ஸ்டானிஸ்லாஸ் அண்ணன், முழங்காலுக்காக. இரண்டாம் அறை: பிலோமினா அக்கா குடும்பம். மூன்றாம் அறை: நான், கேரன், அண்ணி. ஹால், குறுக்கே: பிரிக்ஃபீல்ட்ஸ் செபமாலைக் குழு, பதினொரு பேர்.

புனித அன்னம்மாள் திருவிழா. அது நடக்கும் புக்கிட் மெர்தாஜாம் கோயில் லூனாஸிலிருந்து இருபத்து நாலு நிமிஷம்.

எனக்கு உங்கள் கஷ்டம் தெரியாமல் இல்லை. வருஷா வருஷம் ஜூலையில் நம் குடும்பம் முழுக்க அங்கே போகிறது, பிப்ரவரியிலேயே ஹோட்டல் அறையெல்லாம் தீர்ந்துவிடுகிறது, போன வருஷம் பெரியம்மா பெட்ரோல் நிலையத்தில் வேனுக்குள் படுத்து முகமெல்லாம் கொசு கடித்து, பவனிப் படத்தில் அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. நீங்கள் மடக்கு நாற்காலியில் இரண்டு இரவு உட்கார்ந்தே தூங்கினீர்கள், உங்கள் முழங்கால் கதை அன்றைக்குத்தான் ஆரம்பம். இதையெல்லாம் நேராகச் சொல்லியிருக்கலாம். நீங்கள் உங்கள் நண்பரிடம் முதலில் எதைக் கேட்டீர்கள், மருமகனுக்கு வேலையையா, கோயில் பக்கத்தில் வீட்டையா? எழுத்தில் பதில் வேண்டும். ஏனென்றால் அந்தப் பட்டியலின் கடைசி வரியில்தான் என் பெயர் வருகிறது. எந்த அறையிலும் இல்லை. "கால்வின்: அந்த வாரம் நைட் ஷிஃப்ட் கேட்டு வாங்கச் சொல்லணும்."

ஆகவே என் முடிவு இது. திங்கட்கிழமை ஷாமினிக்கு முடியாது என்று சொல்லிவிடுகிறேன். நான் மின்சாரம் படித்தவன், விடுதி நடத்தப் படித்தவன் இல்லை. ஸ்ரீ கெம்பாங்கானில் ஐந்தாவது ஆளாகவே இருந்துகொள்கிறேன், சாவியைக் கேட்டே வாங்கிக்கொள்கிறேன். வேலை போனதற்கு வருத்தம் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த சுவிட்ச் ரூமை இரண்டு தடவை கனவில் பார்த்துவிட்டேன். ஆனால் இத்தனை பேரில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், "போகத்தான் வேணுமா கால்வின்?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை போயிருப்பேன். இந்த முடிவை நீங்களே பெரியவராக எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். பெரியம்மாவிடம் தலையணைகளை அவர் எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லுங்கள்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் செபத்தில் என்னை நினைக்கவும், செபத்தில் மட்டும் நினைக்கவும். கோபம் இருந்தாலும் உங்கள் ஆசீர்வாதத்தைத் தலை குனிந்து வேண்டும் ஞானமகன்,

கால்வின்

பின்குறிப்பு (திங்கள், காலை ஒன்பது மணி): சனிக்கிழமை தபால்தலை இல்லாததால் கடிதம் போகவில்லை. அதற்குள் நான் ஒரு சோதனை செய்துவிட்டேன். எந்தச் சர்க்யூட்டில் கோளாறு என்று தெரியாவிட்டால் சந்தேகப்பட்டதைக் கழற்றிவிட்டு மற்றது உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது முறை. அதனால் நேற்று பூசை முடிந்து நம் வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, கம்பெனி வீடு இல்லையாம், ஒரே ஓர் அறைதானாம், வெளி ஆள் இரவு தங்கக் கூடாதாம் என்று சொன்னேன். அது பொய். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

நடந்தது உங்களுக்கே தெரியும், போனில் ஸ்பீக்கரில் நீங்களும் இருந்தீர்கள். பெரியம்மா, "அவ்வளவு தூரம் எதுக்குப்பா? அந்த ஊரு தண்ணியே சரியில்ல" என்றார். கேரன், "வெயில் வேற" என்றாள். நீங்கள், "வடக்க போனா ஆள் முன்னேற முடியாது, நான் அப்பவே நெனச்சேன்" என்றீர்கள். சோறு ஆறுவதற்குள் லூனாஸ் மனிதர் வாழ முடியாத ஊராகிவிட்டது. யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் ஆசைப்பட்ட கேள்வியை மூன்று பேர் அவரவர் பாணியில் கேட்டார்கள். கேட்டு எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அம்மா மட்டும் வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் போன பிறகு தட்டு கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"நீங்க ஒண்ணும் சொல்லலையே. போக வேணாம், அதானே?"

"போ."

"வீடு இல்லம்மா."

"கேட்டுச்சு. நீ படுக்க ஒரு ரூம் இருக்குல்ல? போ. இங்க நீ குறை சொல்றதுக்கு இன்னும் நாலு சார்ஜ்மேன் இருக்கான். அங்க நீ ஒருத்தன்தான். அப்பத் தெரியும் நீ எந்த மாதிரி வேலக்காரன்னு."

"நீங்க அழவே இல்லயே."

"உன் முன்னால அழுதா நீ ஏன் எதுக்குன்னு நூறு கேள்வி கேப்ப. போய்ப் படு."

அதன் பிறகு ரொம்ப நேரம் அதே தட்டைத்தான் கழுவிக்கொண்டிருந்தார்.

இன்று காலை எட்டரைக்கு ஷாமினியைக் கூப்பிட்டு, ஜூலை முதல் தேதி வேலைக்கு வருவதாகச் சொல்லிவிட்டேன். ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். கொஞ்சம் யோசித்தேன். கேட்க ஒன்றும் இல்லை.