கல் வரும்வரை கதவு

ஒரு வேலையைச் செய்யாமல் இருக்கச் சிறந்த வழி, அதைச் சரியாகத்தான் செய்ய வேண்டும் என்று முடிவெடுப்பது. எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவை நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் அந்த மரக்கதவு ஊதி, நிலையில் இறுகத் தொடங்கியது. ஓரத்தைக் கொஞ்சம் இழைத்தால் போதும். ஆசைப்பட்டு வாங்கிய இழைப்புளி, உளிகள் எல்லாம் என்னிடம் இருந்தன. எல்லாமே மொட்டை. தீட்டக் கல் வேண்டும். எண்ணெய்க்கல்லா, ஜப்பான் தண்ணீர்க்கல்லா, வைரத்தூள் பூசிய தகடா? ஒரு வீடியோக்காரர் எண்ணெய்க்கல்லைத் திட்டினார். இன்னொருவர் அந்த வீடியோக்காரரையே திட்டினார். நான் இரண்டு பேரையும் நம்பினேன். (உளிக்கு ஒன்று, சமையலறைக் கத்திக்கு ஒன்று என்று வாங்க நான் ஊதாரியா? இரண்டுக்கும் ஒத்துவரும் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன்.)

"ஏங்க, கத்தி தக்காளிய நசுக்குது. கதவ தோளால முட்டித் திறக்க வேண்டியிருக்குது. கார்பென்டரயாவது கூப்புடுங்க" என்றாள் என் மனைவி சுமதி.

"கல்லு வரட்டும்" என்றேன்.

காஞ்சிபுரத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு தலையெழுத்து உண்டு. உறவில் யார் பட்டெடுக்க வந்தாலும் முதலில் நம் வீட்டில் முகம் கழுவிவிட்டுத்தான் கடைக்குப் போவார்கள். அந்த வெள்ளிக்கிழமை வந்தவர் என் தங்கை கீதாவின் வருங்கால மாமியார். அரக்கோணத்துக்காரர், நாள் நேரம் பார்ப்பதில் கறார்.

"பத்தரைக்கு ராகு காலம்பா. அதுக்குள்ள முகூர்த்தப் புடவைய எடுத்துடணும்" என்று சொல்லிக்கொண்டே குளியலறைக்குள் போய்க் கதவை ஓங்கிச் சாத்தினார்.

சற்று நேரத்தில் உள்ளிருந்து குரல் வந்தது. "தம்பி, தாப்பாள எடுத்துட்டேன். கதவு வரமாட்டேங்குதே?"

தோளால் முட்டினேன். கதவு அசையவில்லை, தோள்தான் அசைந்தது. மொட்டை உளியை இடுக்கில் வைத்துத் தட்டினேன். அது பெயின்ட்டை மட்டும் சுரண்டியது. அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

"மரம் ஊதிக்கினு இருக்குதும்மா. இழைச்சா சரியாயிடும். அதுக்கு உளிய தீட்டணும், கல்லு வாங்கணும். எந்தக் கல்லுன்னு இன்னும் முடிவு பண்ணல."

உள்ளே குழாயைத் திருகி மூடும் சத்தம் கேட்டது.

"அந்தக் கல்லு வர்ற வரைக்கும் நான் இங்கியே இருக்கணுமா?"

சுமதி கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கடிகாரமே மேல் என்று தோன்றியது. பத்தரையும் ஆகிவிட்டது. "சகுனமே சரியில்லயே" என்று உள்ளே முணுமுணுப்பு கேட்டது. அப்பா இல்லாத வீட்டில் நான் முன்னின்று பேசி முடித்த சம்பந்தம் அது. என் சோம்பேறித்தனத்தால் முறிந்துவிடுமோ என்று நிஜமாகவே பயந்தேன்.

அதுவரை அடக்கமான மணப்பெண்ணாகக் கூடத்தில் உட்கார்ந்திருந்த கீதா எழுந்து வந்தாள். புடவையை இழுத்துச் செருகினாள்.

"அத்தே, கொஞ்சம் ஓரமா தள்ளி நில்லுங்க."

ஒரே உதை. கதவு திறந்தது மட்டுமில்லை, மேல் கீலோடு பிய்ந்து தொங்கியது.

வெளியே வந்த சம்பந்தியம்மா கதவைப் பார்த்தார், கீதாவைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"பன்னெண்டுக்கு மேல போய் எடுத்துக்கலாம். என்னை வெளிய கொண்டாந்த பொண்ணு, எம் புள்ளையயும் பாத்துக்கும்" என்றவர், என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ மட்டும் கடைக்கு வராதப்பா. நீ ஒரு புடவைய முடிவு பண்றதுக்குள்ள முகூர்த்தமே முடிஞ்சிடும்."

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. கல்லும் பிறகு வந்தது (வைரத்தகடுதான்). என் உளி இப்போது கைமுடியை மழிக்கும். ஆனால் குளியலறைக்குச் சுமதி பிளாஸ்டிக் கதவு போட்டுவிட்டாள். அதை இழைக்க வேண்டிய அவசியமே இல்லை.

சம்பந்தியம்மா எப்போது வந்தாலும், "இன்னா தம்பி, கல்லு வந்துடுச்சா?" என்று கேட்காமல் இருப்பதில்லை. வந்துவிட்டது என்று எத்தனை முறை சொன்னாலும், கீதாவைக் கதவுக்கு வெளியே காவல் நிறுத்திவிட்டுத்தான் உள்ளே போகிறார்.