அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள்?

செர்பியாவின் தெற்கே, மொராவா ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் பல் பிடுங்கிக்கொள்வதற்குக்கூட ஆள் தெரிந்திருக்க வேண்டும். ஆள் தெரியாமல் போய் நின்றாலும் பிடுங்குவார்கள். எந்தப் பல்லை என்பதுதான் அவர்கள் இஷ்டம். இதைச் சிபாரிசு என்று ஏசுகிறவர்கள் நாகரிகம் அறியாதவர்கள். முன்பின் தெரியாதவரிடம் போய் ‘என் உரிமை, கொடு’ என்று நிற்பதைவிட, தெரிந்தவர் மூலமாக ஒரு பொட்டலம் காப்பித்தூளும் வீட்டில் காய்ச்சிய பிளம் பிராந்தியும் கொடுத்தனுப்பி விசாரிப்பது எவ்வளவு மரியாதை.

இப்படிப்பட்ட ஊரில் பிறந்தும் நெவேனா அமெரிக்கக் கல்லூரியைத் தானே தேடினாள். அதற்கென்று கடைவீதியில் ஏஜென்ட் ஆபீஸ் இல்லாமல் இல்லை. வாசலில் அமெரிக்கக் கொடி, உள்ளே இத்தாலிய காப்பி மெஷின். பிள்ளையை அங்கே பதிவு செய்வது அந்த வருஷத்து மோஸ்தர். பிள்ளை அமெரிக்கா போகாவிட்டாலும் அம்மா அழகு நிலையத்தில் சொல்லிக்கொள்ளலாம். நெவேனாவோ குளிர்காலம் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து, எந்தக் கல்லூரி வெளிநாட்டுப் பிள்ளைக்கு முழுச் செலவும் கொடுக்கும், எது விளம்பரத்தில் மட்டும் கொடுக்கும் என்று சலித்தெடுத்தாள். ஆறுகளைப் பற்றிப் படிக்க அவளுக்கு உயிர். கடைசியில் தேறியது ஒன்றே ஒன்று. அப்பாவின் சம்பளத்துக்கு அதை விட்டால் வேறு கதி கிடையாது. பாக்கி இருந்தது பள்ளி முதல்வரின் கையெழுத்து மட்டும். அது வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

முதல்வர் மியோத்ராக் கண்ணாடியை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தார்.

"அங்க உனக்கு யாரு இருக்கா?"

"யாரும் இல்ல சார்."

"அப்ப இப்படி ஒரு காலேஜ் இருக்குன்னு யாரு சொன்னா?"

"நானே தேடினேன்."

"சரிம்மா, நீயே தேடின. உன்னைத் தேடச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல சார். அங்க மார்க்கைப் பாப்பாங்க, நாம எழுதினதைப் பாப்பாங்க. ஆள் தெரிய வேண்டியதில்ல."

முதல்வர் பரிதாபமாகச் சிரித்தார். ஆள் இல்லாத விண்ணப்பம் நிராகரிக்கப்படும்; நிராகரிக்கப்பட்டால் பள்ளி முத்திரையின் மாட்சிமைக்குக் குந்தகம் நேரும் என்பது அவருடைய நிர்வாகக் கொள்கை. நெவேனா விடவில்லை. அவருடைய கணினியிலேயே விண்ணப்பத்தைத் திறந்து காட்டினாள். முதல்வர் ஆங்கில ஆசிரியை ஸ்லொபொதாங்காவை வரவழைத்தார். அந்த அம்மாள் ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்துக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நின்றாள்.

"‘உங்கள் பெற்றோர், தாத்தா பாட்டி, உறவினர் எவரேனும் இக்கல்லூரியில் பயின்றதுண்டா? பெயர் தருக.’"

நெவேனாவின் காது சிவந்தது. அந்தக் கட்டத்தை அவள் முன்பே பார்த்திருந்தாள். பார்க்காத மாதிரி தாண்டிப் போயிருந்தாள்.

"அது சும்மா கேக்குறது சார்."

"சும்மாவா?" முதல்வர் எழுந்தேவிட்டார். "நாங்களும் இத்தனை வருஷமா சும்மாதானே கேட்டோம்? பாருங்க டீச்சர், முன்னேறின நாடுன்னா இதுதான். நாம வெக்கப்பட்டுக்கிட்டு காதோட காதா கேக்குறோம். அவங்க அச்சடிச்சே கேக்குறாங்க."

முத்திரை மேஜை டிராயருக்குள் போயிற்று.

"ஒரு மாமாவையாவது கண்டுபிடிச்சுட்டு வாம்மா. நான் என்ன மாட்டேன்னா சொல்றேன்?"

வீட்டில் அம்மா லியூபிங்கா முழுக் கதையையும் கேட்டாள்.

"அமெரிக்காவுல ஆள் இல்லன்னா போகட்டும். மியோத்ராக் கிட்டகூடவா நமக்கு ஆள் இல்ல?"

"வேண்டாம்மா. இது முழுக்க நானா பண்ணது. இதையாவது விடேன்."

"நீதான்டி பண்ண. யாரு இல்லன்னு சொன்னா? அவரு கையெழுத்து மட்டும் போடட்டும்."

அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி மனைவிதான் முதல்வர் மனைவிக்குத் தலைச்சாயம் பூசுகிறவள். அன்று மாலையே காப்பித்தூளும் பிராந்தியும் அந்த வழியாகப் புறப்பட்டன. வியாழக்கிழமை காலை கையெழுத்து வந்தது, முத்திரை இரண்டு இடத்தில் குத்தி. நெவேனா அவமானத்தில் அழுதாள். அழுதுகொண்டே அனுப்பியும் வைத்தாள்.

இடம் கிடைத்தது, முழுச் செலவும் கிடைத்தது. ‘எவர் உதவியுமின்றித் தாங்களே அனைத்தையும் செய்துகொண்ட சுயமுயற்சி எங்களை நெகிழச் செய்தது’ என்று கல்லூரி எழுதியிருந்தது. அம்மா அதைச் சட்டம் போட்டு மாட்டினாள். தலைச்சாயக்காரிக்கும் ஒரு பிரதி போயிற்று.

அங்கே போன இரண்டாம் வருஷம் நெவேனாவுக்குக் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்திலேயே பகுதிநேர வேலை. ஒருநாள் முதல்வர் மகன் வுகாஷினின் விண்ணப்பம் வந்தது. ஆறு கடலில் பிறந்து மலைக்கு ஏறுகிறது என்று பரீட்சையில் எழுதி, பள்ளி முழுக்கப் பேர் வாங்கியவன். உறவினர் கட்டத்தில் அவன் நிரப்பியிருந்தது: ‘உறவினர் இல்லை. ஆனால் நெவேனா இருக்கிறாள்.’

அலுவலர் பெவர்லி நாற்காலியைத் திருப்பினாள்.

"நெவேனா, இந்தப் பையன் உங்க ஊராமே. உனக்குத் தெரிஞ்சவனா?"

"ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்."

நெவேனாவுக்கு மலையேறும் ஆறு ஞாபகம் வந்தது. அந்த வியாழக்கிழமைக் கையெழுத்தும் ஞாபகம் வந்தது.

"நல்ல பையன்" என்றாள்.

பெவர்லி நன்றி சொல்லி, விண்ணப்பத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு டிக் போட்டாள். காப்பித்தூள்கூடக் கேட்கவில்லை. முன்னேறிய நாடு.