மழையை மூன்றாக வெட்டியவர்

2005 கோடையில் மரக்காணத்து உப்பளக்காரர்களுக்கு ஒரு ஞானம் பிறந்தது. மழைக்குத் தமிழ் புரியாதாம். இங்கிலீஷில் அதட்டினால்தான் அடங்குமாம்!

கண்டுபிடித்தவர் 'இங்கிலீஷ் சாமி' காசிலிங்கம். முன்பு திண்டிவனத்தில் ஆங்கில வகுப்பு நடத்தியவர். அங்கே ஒருவருக்கும் ஆங்கிலம் வரவில்லை. இவருக்கு மட்டும் அருள் வந்துவிட்டது.

மந்திரம் ஒரே வார்த்தை: தண்டர்ஸ்டார்ம். இடிமழைக்கு வெள்ளைக்காரன் வைத்த பேர்.

"தண்டர்னா இடி, ஸ்டார்ம்னா புயல். ரெண்டையும் ஒட்டவச்சதாலதான் அதுக்கு அவ்ளோ பலம். தண், டர், ஸ்டார்ம்னு மூணா வெட்டினா மழையும் மூணு துண்டாகிக் கடல்ல விழுந்துடும்" என்றார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

'தண்' சொல்லும்போது நாக்கு நுனி பல்லுக்கு நடுவே வெளியே வரவேண்டும். காலையில் வரப்பு நெடுக ஆணும் பெண்ணும் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றார்கள். எதிரே நின்றவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். தப்பித்தவறித் தூறினாலும் சாமி பதறமாட்டார்.

"எவனோ நாக்கை உள்ளாற வச்சிக்கினான்!" என்பார்.

பழி பொக்கைவாய் மண்ணாங்கட்டி மேல் விழும். பாவம், பல்லே இல்லாதவர் நாக்கை எதற்கு நடுவில் வைப்பார்?

தட்சணை, அளத்துக்கு ஒரு மூட்டை உப்பு. கூடவே ஒரு கட்டளை: உப்புக் குவியலை ஓலை போட்டு மூடக்கூடாது. மூடினால் மந்திரத்துக்கு அவமானம்.

உப்பளக்காரர் சடையப்பனும் தன் குவியலின் ஓலையைப் பிரிக்கக் கிளம்பினார். குத்தகை அளம். கோடை முழுக்க வாரிய உப்பு அந்த ஒரு குவியல்தான். கரைந்தால் அளமே கைவிட்டுப் போகும். மனைவி சரஸ்வதி மறித்தாள்.

"ஏன்யா, மழை வந்தா?"

"சாமி பாத்துக்குவாரு."

"சாமி அவரு உப்பை எப்படிப் பாத்துக்கிறாருன்னு பாத்துட்டு வரலாம், வா."

பக்கத்து ஊரான அனுமந்தைப் பக்கம் வானம் கறுத்திருந்தது. கணவனை இழுத்துக்கொண்டு சாமி வீட்டுக்கு நடந்தாள். வேடிக்கை பார்க்க ஊரும் வந்தது. கொல்லையில் தட்சணை மூட்டைகள். அவற்றின்மேல் தார்ப்பாய், கயிறு, போதாததற்குக் கருங்கல்!

"நீங்களே மந்திரம் சொல்லுங்க சாமி. உங்க நாக்கு தப்பாது. நான் தார்ப்பாயை மட்டும் எடுத்துடறேன்" என்றாள்.

"அது... வெயிலுக்குப் போட்டதும்மா."

"வெயிலுதான் போயிடுச்சே" என்று உருவிவிட்டாள்.

சாமிக்கு வேறு வழியில்லை. கண்ணை மூடினார். "தண்..." நாக்கு வெளியே வந்தது. அப்பழுக்கற்ற உச்சரிப்பு. அதன்மேலேயே முதல் சொட்டு விழுந்தது.

"அய்யய்யோ, என் உப்பு!"

இது சுத்தத் தமிழ். டர்ரும் ஸ்டார்மும் வாயிலேயே நின்றுவிட, சாமி தார்ப்பாயோடு மூட்டைகள்மேல் குப்புறப் பாய்ந்தார்.

ஊர் ஓலையைத் தேடி ஓடியது. சரஸ்வதியின் உப்பு மூடியே இருந்ததால், புருஷனும் பெண்டாட்டியும் மற்றவர்களுக்குக் கை கொடுத்தார்கள். மழை விட்டதும் தட்சணையாகக் கொடுத்த மூட்டையை அவரவர் தூக்கிக்கொண்டு போனார்கள். சாமி பஸ் ஏறினார்.

அப்போதும் ஒருவர் சொன்னார்: "அந்தப் பொம்பளை மட்டும் அவசரப்படாம இருந்தா, சாமி மூணையும் சொல்லி முடிச்சிருப்பாரு!"

உப்பளத்தைக் குத்தகைக்கு விடலாம், ஐயா. மூளையையுமா?