உறை போட்ட கணினி

அந்த அலுவலகத்தில் ஒரு கணினி இருந்தது. நாள்தோறும் காலை பத்து மணிக்கு அதை முறைப்படி இயக்குவார்கள். ஒன்பது நிமிடம் ஆனதும் அது யாரிடமும் சொல்லாமல் அணைந்துவிடும். ஒரு குடியிருப்புச் சான்றிதழ் தயாரிக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். ஆகவே மூன்று வாரமாக ஒருவருக்கும் சான்றிதழ் கிடைக்கவில்லை.

இதை ஆராய ஒரு குழு அமைத்தார்கள். குழு பதினைந்து நாள் கூர்ந்து கவனித்தது. உணவு இடைவேளையிலும் விடுமுறை நாட்களிலும் கணினி ஒருமுறைகூட அணையவில்லை என்று கண்டறிந்தது. வேலை செய்தால்தான் அணைகிறது. எனவே வேலையே பழுதுக்குக் காரணம் என்று அறிக்கை கொடுத்துவிட்டுக் கலைந்தது.

அன்று வரிசையில் கடைசியாக, ஏழாவதாக ஒரு தையல்காரம்மா நின்றிருந்தார். மகளைப் பள்ளியில் சேர்க்க அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. சான்றிதழ் இல்லாமல் சேர்க்க மாட்டார்கள்.

மணி நாலு. கணினி பதினொன்றாவது தடவையாக அணைந்தது. தையல்காரம்மா பொறுக்கமாட்டாமல் மேசையருகே போய்ப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"என்ன தம்பி, இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதிக்குது! இதுக்கு எதுக்கு இவ்வளவு தடிச்ச உறை? காத்து வர்ற ஓட்டையெல்லாம் அடைச்சுத் தைச்சிருக்காங்களே!"

"தூசி படக்கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு, அக்கா," என்றார் தட்டச்சர்.

"கழட்டிடுங்களேன்."

கண்காணிப்பாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "முன்பக்கம் அரசு முத்திரை இருக்கு. அதை உடைக்கணும்னா தலைமையகத்துக்குக் கணினி மூலமா விண்ணப்பிக்கணும். அதுக்குப் பத்து நிமிஷம் ஆகும்."

"இது ஒன்பது நிமிஷந்தானே உயிரோட இருக்கு?"

"அதனாலதான் இன்னும் விண்ணப்பிக்கல."

"முத்திரையைத் தொடக்கூடாது, சரி. பின்பக்கத் தையலைப் பிரிக்கலாமா?"

கண்காணிப்பாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். தையலைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அவர் யோசித்து முடிப்பதற்குள் தையல்காரம்மா பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்துத் தையலைப் பிரித்து, உறையை ஒதுக்கிவிட்டார். உள்ளேயிருந்து பூனைக்குட்டி அளவுக்குத் தூசி உருண்டு விழுந்தது. தட்டச்சர் கணினியை மறுபடி இயக்கினார்; உள்ளே விசிறி சுழன்றது.

ஒன்பது நிமிடம் ஆனது. பத்தும் ஆனது. கணினி அணையவில்லை. சந்தோஷத்தில் தட்டச்சர் தையல்காரம்மாவின் விண்ணப்பத்தையே முதலில் எடுத்தார். நாலரைக்குச் சான்றிதழ் வெளியே வந்தது.

கண்காணிப்பாளர் பேனாவை மூடிவிட்டார். "உறை பிரிஞ்ச கணினியில வந்த சான்றிதழ். நான் எப்படிக் கையெழுத்துப் போட?"

தையல்காரம்மா வரிசையைப் பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்களேன்."

முதலில் நின்றவர் தொண்டையைக் கனைத்தார். "அது இருக்கட்டும்மா. ஏழாவது ஆளுக்கு எப்படி முதல்ல வந்துச்சு? நாங்க என்ன இளிச்சவாயனுங்களா?"

"அதானே! வரிசைன்னா வரிசைதான்," என்றார் மூன்றாமவர். "முதல்ல உறையைப் பழையபடி போடச் சொல்லுங்க சார்."

"பழையபடி போட்டா அணைஞ்சிடுமே! உங்க ஒருத்தருக்கும் கிடைக்காதேய்யா!"

"கிடைக்காட்டிப் போகுது. முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

தையல்காரம்மா ஒரு கணம் அவர்களை உற்றுப் பார்த்தார். பிறகு ஊசியில் நூலைக் கோத்தார். இரண்டே நிமிடத்தில், பிரித்த தடமே தெரியாமல் தைத்துவிட்டார்.

"சார், உறை பிரிஞ்சிருக்கா?"

கண்காணிப்பாளர் குனிந்து பார்த்தார். "இல்லை."

"அப்ப கையெழுத்து?"

கண்காணிப்பாளர் மனநிறைவோடு கையெழுத்திட்டு முத்திரையும் குத்தினார். தையல்காரம்மா பள்ளிக்கூடத்தை நோக்கி ஓடினார். ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் மகளின் பெயர் பதிவாயிற்று.

அலுவலகத்தில் முதலாமவரின் விண்ணப்பம் பாதியில் இருந்தபோது கணினி அணைந்தது. யாரும் முணுமுணுக்கவில்லை. ஒருவரை ஒருவர் முந்தாமல், மறுநாளைக்கும் இதே இடம்தான் என்று பேசிவைத்துக்கொண்டு, நீதி நிலைத்த நிம்மதியோடு ஆறு பேரும் வீட்டுக்குப் போனார்கள்.