தக்காளிக்கு டியூப் லைட்

மண்ணைத் தொடாமல் தக்காளி விளைவித்தே தீருவது என்று பத்திர எழுத்தர் இசக்கியப்பன் சபதம் செய்தபோது, தென்காசியில் பதினோரு நாளாகச் சாரல். வெயில் எப்படி இருக்கும் என்பதே ஊருக்கு மறந்துவிட்டது. அவருக்கு அதுவே வசதி. வெயிலில் விளைவிக்க அச்சன்புதூரில் ஆயிரம் பேர் உண்டு. டியூப் லைட்டில் விளைவிக்க ஒருத்தர் வேண்டாமா?

குற்றாலத்துக்குக் குளிக்க வந்த யாரோ விடுதியில் விட்டுப்போன இங்கிலீஷ் பத்திரிகை செய்த வேலை இது. தொட்டித் தண்ணீரில் தக்காளிச் செடி, தலைக்கு மேல் டியூப் லைட் என்று ஒரு படம். படம் முழுக்கப் புரிந்தது. எழுத்துதான் இடித்தது. இசக்கியப்பனுக்கு இங்கிலீஷைப் பற்றி நிறையத் தெரியும், இங்கிலீஷ்தான் தெரியாது. சட்டைப் பையில் இரண்டு பேனா குத்தியவர் அதை யாரிடம் போய்ச் சொல்வார்? முழுக்கப் படித்துவிட்டதாகப் பதிவு ஆபீஸ் வாசலில் எல்லாரிடமும் சொல்லியாயிற்று.

மறுநாளே முன்னறையில் தகரத் தொட்டி, உரம் கரைத்த தண்ணீர், இரண்டு டியூப் லைட். மனைவி வள்ளித்தாய் சிம்னி விளக்கும் கையுமாக வந்து எட்டிப் பார்த்தாள்.

"இது யாருக்கு?"

"தக்காளிக்கு."

"ரெண்டுமா?"

"ஏட்டி, வெளிச்சம் இல்லாம எந்தச் சீவனாவது வளருமா?"

"பன்னெண்டு வருசமா அடுப்படி இருட்டுல ஒரு சீவன் கெடக்கு. ஒரு குண்டு பல்பு கேட்டதுக்கு என்ன சொன்னிய?"

அவர் குனிந்து தொட்டித் தண்ணீரைக் கலக்கினார். 'அதான் அடுப்பு எரியுதுல்லா' என்று சொன்னது நன்றாக நினைவிருந்தது.

பத்து நாளில் நாற்றுகள் நூலாக நீண்டு தலை சாய்ந்தன. லைட்டை ஏற்றுவதா, இறக்குவதா? படத்தில் அளவு இல்லை. பதிவு ஆபீஸிலோ தினமும் "காய் புடிச்சிட்டா அண்ணாச்சி?" என்று விசாரணை. வேறு வழியில்லை. பாளையங்கோட்டை கான்வென்டில் ஐந்தாம் பாரம் வரை படித்தவள் வீட்டிலேயே இருக்கிறாள். பத்திரிகையை நீட்டினார்.

"நான் படிச்சாச்சு. உனக்கு மறந்துபோச்சான்னு பாக்கேன். இந்தப் பக்கத்தைச் சொல்லு."

வள்ளித்தாய் பக்கத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி பக்கத்தைப் பார்த்தாள்.

"குளிருல செடி வெறைக்குமாம். அடுப்பு எரியுற அறைக்கு லைட்டை மாத்தணுமாம். லைட்டுக்குத் தெக்கே அடுப்பு, வடக்கே அம்மி, கெழக்கே தண்ணிப் பானை, மேக்கே அஞ்சறைப் பெட்டி."

"வெள்ளைக்காரன் அஞ்சறைப் பெட்டியா போட்டிருக்கான்?"

"ஸ்பைஸ் பாக்ஸ்னு போட்டிருக்கான். நீங்க படிக்கையில இல்லியா?"

"இருந்துது, இருந்துது."

நான்கெல்லையும் சுத்தமாக இருக்கும் ஒன்றைப் பத்திர எழுத்தர் எப்படிச் சந்தேகப்படுவார்? அன்றே கம்பி இழுக்க ஆளை அழைத்துவந்தார். ஏணியைப் பிடித்ததும் அவரே, தொட்டியைச் சுமந்ததும் அவரே. விளக்கு இரண்டு தரம் கண் சிமிட்டி எரிந்தது. தன் வீட்டு அடுப்படியை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார். சுவரெல்லாம் கரி. ஓரிடத்தில் மட்டும், ஒரு முதுகின் அகலத்துக்கு, கரி தேய்ந்து வெளுத்திருந்தது. அம்மி பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாலே நாளில் புகை பட்டுச் செடிகள் கருகின. அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டு கிதிர் முகம்மது, ஹைஸ்கூல் இங்கிலீஷ் வாத்தியார், அதிசயத்தைப் பார்க்க வந்தார். பத்திரிகையை வாங்கிப் படித்தார். புருவம் ஏறியது.

"அண்ணாச்சி, பொகை பக்கமே கொண்டு போவாதீங்கன்னுல்லா கொட்டை எழுத்துல போட்டிருக்கு. அடுப்படின்னு ஒரு எழுத்துகூட இல்லியே. யாரு படிச்சுச் சொன்னா?"

இசக்கியப்பன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். டியூப் லைட் வெளிச்சத்தில் அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"வாத்தியார் கேக்காவல்லா, சொல்லுங்க. படிச்சுச் சொல்லுன்னு எங்கிட்ட குடுத்தியன்னு வேணும்னா சொல்லுங்க."

இங்கிலீஷ் தெரியாதாமே என்று நாளைக்குப் பதிவு ஆபீஸ் வாசலே சிரிப்பது கண்முன் வந்து நின்றது.

"நான்தான் தப்பாப் படிச்சிட்டேன், வாத்தியாரே."