டிரைவரின் இடுப்பளவு

கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு தொப்பையின் கதை சொல்கிறேன். சிரித்தபடியே எழுந்து போகலாம்.

பஸ் டிரைவருக்கு வயிறு ஸ்டீயரிங்கில் இடித்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்தால் கண் சொக்கியது. ரத்தத்தைச் சோதித்த டாக்டர், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, ஆண் ஹார்மோனும் குறைவு என்றார். இரண்டும் கூட்டாளிகளாம். தொப்பை ஏற ஏற ஹார்மோன் இறங்குமாம். அது இறங்கினால் தொப்பைக்கு இன்னும் கொண்டாட்டமாம். இடுப்பைக் குறைத்தால் பெரும்பாலும் இரண்டும் வழிக்கு வந்துவிடும் என்றார்.

டிரைவர் காதில் ‘ஆண்’, ‘குறைவு’ என்ற இரண்டு சொற்கள்தான் விழுந்தன. மீசையைத் தடவிக்கொண்டே வெளியே வந்து, துணைக்கு வந்திருந்த கண்டக்டரின் கையைப் பிடித்தார்.

"தம்பி, இது என் வீட்டுக்காரி காதுக்கு மட்டும் போகக்கூடாது."

"மூச்சு விடமாட்டேண்ணே."

மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு, தெருவுக்கே துணி தைப்பவள்.

மறுநாளிலிருந்து பாதிச் சோறு கண்டக்டர் பக்கம் போயிற்று. சாப்பாட்டு டப்பா வழித்துத் துடைத்ததுபோல் வீடு திரும்பவும், மனைவி பெரிய டப்பாவாக வாங்கிவிட்டாள். நடந்து வீடு திரும்புவதற்காகப் பைக்கையும் கண்டக்டரிடம் தள்ளிவிட்டு, அது மெக்கானிக்கிடம் கிடப்பதாக வீட்டில் சொன்னார்.

"இன்னைக்கு என்ன கோளாறாம்?" என்று தினமும் கேட்டாள் மனைவி. கிளட்ச், பிரேக், செயின் என்று அளந்துவிட்டவருக்குச் சொல்லப் பாகமே மிச்சமில்லை. அந்த மெக்கானிக்கை நானே வந்து நாலு கேள்வி கேட்கிறேன் என்று அவள் செருப்பை மாட்டியபோது, மனிதருக்கு வேர்த்துக் கொட்டியது.

இத்தனை பாடுபட்டும் காக்கி பேன்ட்டில் அதே இறுக்கம். மூச்சைப் பிடித்தால்தான் பொத்தான் ஏறியது. இன்னும் குறைத்துச் சாப்பிட்டார், இன்னும் சுற்றி நடந்தார். பேன்ட் அசைந்து கொடுக்கவில்லை. நம் ஆம்பிளைத்தனம் அவ்வளவுதான் போலிருக்கிறது என்று ஒடிந்துபோய் மறுபடி டாக்டர் முன் நின்றார்.

டாக்டர் டேப்பைச் சுற்றிப் பார்த்துச் சிரித்தார். இடுப்பு நன்றாகவே வற்றியிருந்தது. சர்க்கரை இறங்கி, ஹார்மோன் ஏறியிருந்தது.

அப்படியானால் பேன்ட் ஏன் இறுக்குகிறது என்று திகைத்து வெளியே வந்தவரைப் பார்த்து, சட்டைப் பொத்தான் தெறிக்கும் புதுத் தொப்பையோடு நெளிந்தார் கண்டக்டர்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. இளைச்சது தெரிஞ்சா பழையபடி சாப்பிட ஆரம்பிச்சிடுவீங்கன்னு, அண்ணிதான் வாராவாரம் பேன்ட் இடுப்பைப் பிடிச்சுச் சின்னதாத் தச்சாங்க. அந்தப் பெரிய டப்பா, நான் தகவல் சொன்னதுக்குக் கூலி."

உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் ஊசி ஓயாமல் ஓடட்டும், கண்ணுகளா. வயிறு அளவாகவும் சிரிப்பு அளவில்லாமலும் இருக்கட்டும்.