இருபது மொழியில் தூளி

“அழாதடா கண்ணு! மூணு மணிக்குள்ள அப்பா இந்தப் பக்கத்தை அனுப்பணும். இல்லேன்னா வேலை போயிடும்!”

தூளிக்குள் சிணுங்கல் கூடியதே தவிரக் குறையவில்லை. அகராதிக்காரர் இடது கையால் ஆட்டிக்கொண்டே வலது கையால் எழுதினார். ஏற்கெனவே இரண்டு முறை தாமதமாக அனுப்பி, பதிப்பாசிரியரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர். இன்றைய பக்கமோ, அடக் கொடுமையே, அதுவும் தூளிதான்! இரண்டு மரத்துக்கு நடுவே கட்டிப் படுக்கிறார்களே, அந்த வலைத்தூளிக்கு இருபது மொழிகளில் என்ன பெயர் என்று பட்டியல்.

உள்ளே எட்டிப் பார்க்கலாம்தான். ஆனால் அப்பா முகத்தைப் பார்த்துவிட்டால் அந்த எட்டு மாதக் குழந்தை அப்புறம் தூங்கவே தூங்காது. எட்டிப் பார்க்கக் கூடாது என்பது மனைவி போட்ட சட்டம். அவள் காலையிலேயே வேலைக்குப் போயிருந்தாள்.

எழுதியதைச் சரிபார்க்க உரக்கப் படித்தார். “ஸ்பானிய மொழியில் அமாக்கா.”

சிணுங்கல் நின்றது.

“அட! பிலிப்பினோவில் துயான்.”

உள்ளே களுக்கென்று ஒரு சிரிப்பு. “ஜெர்மனில் ஹெங்கமாட்டே” என்றதும் துணி அவர் கையை உதறிவிட்டுத் தானாகவே ஆட ஆரம்பித்தது. காலை உதைத்து ஆடுகிறான், சுட்டிப்பயல்! இரண்டு கையும் விடுதலையானதில் அவருக்கு ஒரே குஷி.

அடுத்தது பின்லாந்து. அவர் வாயைத் திறக்கும் முன்னே தூளி சொன்னது: “ரீப்புமாட்டோ.”

பேனா கீழே விழுந்தது. மனைவிக்குப் போன் போட்டார்.

“உன் புள்ள பேசுறான்டி! அதுவும் பின்லாந்து பாஷை!”

“அவன் இன்னும் அம்மான்னே சொல்லல. பேசாம வேலையப் பாருங்க.” வைத்துவிட்டாள்.

பார்த்தார். கம்போடியாவின் கெமர் மொழிக்கு மட்டும் மூன்று நாளாகத் தேடியும் சொல் அகப்படவில்லை. வெட்கத்தை விட்டுத் தூளியிடமே கேட்டார்.

“அங்ருங்.”

இந்தத் தடவை குரல் கட்டையாக இருந்தது. சளி பிடித்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு எழுதினார். மிச்ச மொழிகளையும் தூளியே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தது. சொல்லுக்குச் சொல் துணி கனத்துக் கீழே இறங்கியது. கூரைக் கொக்கி முனகியது. இருபதாவது சொல்லுக்கு அது தரையைத் தேய்த்துக்கொண்டு ஆடியது. மணி இரண்டு ஐம்பத்தைந்து. பக்கத்தைப் போனில் படம் பிடித்து அனுப்பினார். வேலை தப்பித்தது.

“முடிஞ்சுதுடா தங்கம். தூங்கு.”

“தூக்கு,” என்றது தூளி, நாலைந்து குரலில்.

ஐயோ, என் பிள்ளைக்கு என்னமோ ஆகிவிட்டதே! வேலையாவது மண்ணாவது என்று பதறிப்போனார். பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையையும் உள்ளே விட்டுத் தூக்கினார். சில்லிட்ட கைகள் ஆசையாக அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டன.

வாசல் கதவு திறந்தது. பக்கத்துத் தெருவிலிருக்கும் மச்சினியின் குரல்.

“அத்தான், நீங்க குளிக்கிறப்போ உங்க குட்டிப்பயல எங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனேன்ல, பால் புட்டிய மறந்துட்டேன். கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன், பசியில அழறான்.”